இரண்டு சூரிய உதயங்கள்

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததும் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் பொருத்திய முடிச்சு, காலிக்கு அருகிலுள்ள நமது கொக்கலை வாவி.

1943 இல் குவாண்டாஸ் நிறுவனத்தின் கட்டலினா கடல் விமானங்கள் பேர்த் நகரிலிருந்து இங்கு இடைநில்லாது பறக்கத் தொடங்கின. தூரம் 5,600 கிலோமீற்றருக்கும் அதிகம். பயணம் 27 மணித்தியாலங்களுக்குக் குறையாது; ஒருமுறை 32 மணித்தியாலங்கள் 9 நிமிடங்கள் நீடித்தது. எரிபொருளின் பாரத்தால் பயணிகள் மூவருக்கே இடமிருந்தது. எதிரி அறியாதிருக்க வானொலித் தொடர்பைத் தவிர்த்து, நட்சத்திரங்களைக் கொண்டே திசையறிந்தனர். ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டனர். 1945 வரை 271 தடவை கடலைக் கடந்தும் ஒரு விமானமும் தொலையவில்லை.

2018 முதல் பேர்த்திலிருந்து இலண்டனுக்கான 14,498 கிலோமீற்றரை ஏறத்தாழ 17 மணித்தியாலங்களில் நேரடியாகக் கடக்கிறார்கள். அந்தச் சாதனையை வியக்கும்போதெல்லாம் எனக்குக் கொக்கலை மக்களே நினைவுக்கு வருகின்றனர். போர்க்கால விமானத்தளத்துக்காக அவர்கள் ஊரைவிட்டு அகற்றப்பட்டார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பி நிற்கிறது. விமானிகளின் துணிவை வரலாறு மணிக்கணக்கில் குறித்து வைத்திருக்கிறது. இடம்பெயர்ந்தோர் நடந்த தூரத்தை அளந்தவர் யார்?