பல்லடம் புறநகரா? ஒரு விலை அறிவிப்பின் வாசகத்தை முன்னிட்டுச் சில ஆட்சேபங்கள்

பெருநகரங்களை அடுத்துள்ள ஊர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், பாரிஸ் மாநகரைச் சூழ்ந்த ஊர்களைக் கொண்டு வகுக்கப்பெற்ற ஒரு சித்தாந்தத்தை ஏறக்குறைய மாற்றமின்றி எடுத்தாண்டு, நடுநகரம் ஆணையிடும், சுற்றூர் விளைவித்துக் கொடுக்கும் என்ற அளவோடு காரியத்தை முடித்துக்கொள்வதைப் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறோம். அச்சித்தாந்தம் பிரெஞ்சு தேசத்தில் பிறந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. புறநகரைக் குறிக்க அவர்கள் வழங்கும் 'பான்லியூ' என்னும் சொல்லே, நகரத்தைச் சுற்றி ஆட்சியாளனின் ஆக்ஞை செல்லுபடியாகும் தூரம் என்ற பொருளில் தோன்றியது. 1860-இல் பாரிஸ் தன்னை ஒட்டியிருந்த ஊர்களைத் தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டு, பன்னிரண்டாயிருந்த வட்டங்களை இருபதாக்கிற்று. அவ்வாறு இழுக்கப்பட்ட லா வில்லெத்தில் 1867-இல் கால்நடைச் சந்தையும் கசாப்புச் சாலைகளும் ஏற்பட்டன. ஆடுமாடுகள் எந்த மாகாணத்துப் புல்லைத் தின்று வளர்ந்திருப்பினும், அவற்றின் விலை பேசப்பட்ட இடம் பாரிஸே. ஆகையால் அங்கே அந்தச் சித்தாந்தம் பொருந்துவதில் வியப்பில்லை.

அதே அளவுகோலைக் கொங்கு நாட்டிற்குக் கொணர்ந்து, பல்லடத்தைக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பொதுவானதொரு புறநகர் என்று வகைப்படுத்தும் ஆராய்ச்சிப் போக்கோடுதான் எனக்கு வேற்றுமை. கோயம்புத்தூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர், திருப்பூரிலிருந்து தெற்கே 15 கிலோமீட்டர் என்ற தூரக் கணக்கும், 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நாற்பதாயிரத்தைச் சற்றே கடந்த ஜனத்தொகையும் அந்த முடிவுக்குப் போதுமானவை என்று கருதப்பட்டுள்ளன. தூரமும் தொகையும் ஓர் ஊரின் ஸ்தானத்தை நிர்ணயிக்கும் என்பதை நான் ஒப்பவில்லை.

நிர்வாக வரலாற்றை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. இப்போது பல்லடத்திற்குத் தலைமை நகராகச் சொல்லப்படும் திருப்பூர், ஒரு காலத்தில் பல்லடம் தாலூகாவுக்குள் அடங்கிய ஊராகவே இருந்தது என்பதும், 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்கே போன இருப்புப்பாதை திருப்பூரைத் தொட்டுப் பல்லடத்தை விட்டுச் சென்றது என்பதும், 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருப்பூரின் பெயரால் ஒரு மாவட்டமே பிரிக்கப்பட்டுப் பல்லடம் அதற்குள் வந்துசேர்ந்தது என்பதும் யாவரும் அறிந்த செய்திகள். ரயிலால் வளர்ந்த ஊருக்கு, ரயில் காணாத ஊர் கீழ்ப்பட்டது என்பது பார்வைக்கு நேரான முடிவாகத் தோன்றும். ஆனால் ரயில் வராத ஊருக்குச் சாலைகள் வந்தன. கோவை, திருச்சி, உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம், திருப்பூர் ஆகிய திசைகளிலிருந்து வரும் வழிகள் கூடும் இடத்தில் நிற்கும் ஓர் ஊரை எந்த ஒரு நகரத்தின் புறத்தே வைப்பது என்ற வினாவுக்கு முந்தைய ஆராய்ச்சியில் விடை கிடைக்கவில்லை.

இனி என் வாதத்துக்குப் பிரமாணமாக நான் கொள்ளும் ஆவணத்தைப் பார்ப்போம். அது செப்பேடன்று, கல்வெட்டுமன்று. நாள்தோறும் செய்தித்தாள்களில் ஒரு வரியாகவும், இப்போது கைப்பேசிகளில் அதனினும் சுருக்கமாகவும் வெளிவரும் கறிக்கோழி விலை அறிவிப்பு அது. பல்லடத்தில் இயங்கும் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு அதனை வெளியிடுகிறது. தமிழ்நாட்டின் கறிக்கடைக்காரர்கள் அதனைப் 'பல்லடம் விலை' என்றோ 'பேப்பர் ரேட்' என்றோ வழங்குகிறார்கள். முட்டைக்கு நாமக்கல் எப்படியோ, கறிக்கோழிக்குப் பல்லடம் அப்படி. இந்த அறிவிப்பை முன்னைய ஆராய்ச்சி கவனிக்காமலில்லை. கவனித்து, அதனை ஒரு வியாபாரச் சங்கத்தின் விருப்பக் குறிப்பு என்று ஒதுக்கிவிட்டது. வாசகத்தைச் சொல் சொல்லாகப் படித்திருந்தால் அவ்வாறு ஒதுக்க மனம் வந்திராது என்பது என் எண்ணம்.

வாசகத்தின் உறுப்புகள் நான்கே: ஊர்ப்பெயர், 'உயிருடன்' என்னும் அடை, 'பண்ணைக் கொள்முதல்' என்னும் தொடர், கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்னும் எண். இவற்றுள் எண் ஒன்றே நாள்தோறும் மாறுவது. ஆராய்ச்சியாளர் கண்டதும் அதனை மாத்திரமே. மாறாது நிற்கும் மூன்று உறுப்புகளில்தான் சரித்திரம் தங்கியிருக்கிறது.

'உயிருடன்' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். லா வில்லெத்தில் ஒரு பிராணியின் பயணம் முடிவதும் அதற்கு விலை ஏற்படுவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிகழ்ந்தன. பல்லடத்து விலையோ பிராணி இன்னும் பண்ணைக் கொட்டகைக்குள் நார்த்தூளின்மேல் நடமாடிக்கொண்டிருக்கும்போதே ஏற்பட்டுவிடுகிறது. கூண்டிலேற்றி வெயில் தாழ்ந்தபின் லாரியில் அனுப்பப்படும் அந்தக் கோழி, சென்னையிலோ கேரளத்திலோ ஒரு கடையில் இறக்கப்படுகையில், தன் விலையைத் தன்னோடு கொண்டுசெல்கிறது. கடைக்காரன் அதன்மேல் ஏற்றுவது உரிப்புக் கழிவும் தன் லாபமுமே. 'பண்ணை' என்ற சொல்லும் இதனையே வற்புறுத்துகிறது. விலை பேசும் இடமாக இங்கே சொல்லப்படுவது சந்தையன்று, கிழமேற்காக நீட்டிக் கட்டி, இரு பக்கமும் கம்பி வலையிட்டு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புகுந்து வெளியேற வழிவிட்டு நிற்கும் கொட்டகை. வானம் பார்த்த காடுகள் மிகுந்த இப்பகுதிக் குடியானவர்கள் கோழிக்குத் திரும்பியதில் அக்காற்றுக்கும் ஒரு பங்குண்டு என்பது என் அனுமானம். அனுமானத்தை அனுமானமாகவே வைக்கிறேன்.

மூன்றாவது உறுப்பு ஊர்ப்பெயர். ஓர் ஊரின் பெயர் அடைமொழியாகி வெளியூர்களில் வழங்குவது பல்லடத்துக்குப் புதிதன்று. முந்தைய தலைமுறைச் சங்கீத ரசிகர்களுக்குப் பல்லடம் என்றால், சரப சாஸ்திரியாரின் சிஷ்யரான புல்லாங்குழல் வித்வான் சஞ்சீவ ராவே நினைவுக்கு வருவார். அங்கே ஊர்ப்பெயர் ஒருவர் பிறந்த இடத்தைச் சுட்டி நின்றது. விலை அறிவிப்பிலோ அதே பெயர் அளவையின் பெயராகிவிட்டது. 'பல்லடத்துக்கு மேலே', 'பல்லடத்துக்குக் கீழே' என்று பேசும் வெளியூர் வியாபாரி அந்த ஊரைக் கண்ணால் கண்டிருக்க வேண்டுவதில்லை. புறநகர் எதன் பெயரும் இவ்வாறு அளவையாக வழங்கி நான் கேட்டதில்லை.

அறிவித்த விலைக்கு உண்மையில் எவரும் வாங்குவதில்லை, அதனிலும் குறைத்தே வாங்குகிறார்கள் என்பது இதற்கு எதிராக எழும் வலுவான ஆட்சேபம். மெய்தான், கோழி தேங்கும் வாரங்களில் வித்தியாசம் பெரிதாகவும் இருக்கும். ஆயினும் அந்த வித்தியாசம் எதிலிருந்து கணக்கிடப்படுகிறது என்று ஆட்சேபிப்போர் கேட்டுக்கொள்ளவில்லை. மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, கூம்பாக அளப்பதா என்று களத்துமேட்டில் எழும் வழக்கு, மரக்காலின் அதிகாரத்தை மறுக்கும் வழக்கன்று. பேரம் எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறதோ அந்த எண்ணைச் சொல்பவனிடமே மத்தியஸ்தானம் இருக்கிறது. குழுவில் அமர்வோரில் பலர் வேறு ஊர்களில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனியார் என்ற மற்றோர் ஆட்சேபத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. அவர்கள் பல்லடத்தின் பெயரால் பேசுகிறார்கள் என்பதே இங்கே விஷயம்.

மாறும் உறுப்பாகிய எண்ணையும் முற்றிலும் புறக்கணிக்க வேண்டாம். அதனைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்து வைத்துப் படிப்போருக்கு ஒரு செய்தி புலனாகும். புரட்டாசியில் எண் இறங்கும். தீபாவளியை ஒட்டி நிமிரும். சபரிமலைக்கு மாலையணியும் கார்த்திகையில் மறுபடி தளரும். முட்டை பொரிய 21 நாள், குஞ்சு இரண்டு கிலோவை எட்ட நாற்பது நாளுக்கு மேல் என்று கூட்டினால், புரட்டாசியில் எத்தனை கோழி இருக்க வேண்டும் என்பதை ஆடியிலேயே தீர்மானித்தாக வேண்டியிருக்கிறது. ஆக, தென்னாட்டு அடுக்களைகளின் விரத நாள்களை இரண்டு மாதம் முன்கூட்டியே கணித்துப் பார்க்கும் ஊர் இது. பெருநகரம் தன் தேவையை அறிந்து சுற்றூருக்குச் சொல்லும் என்ற பிரெஞ்சு ஒழுங்கு இங்கே தலைகீழாகியிருக்கிறது.

நாள்தோறும் விடியலில் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வண்டிகள் பல்லடத்துச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆள் ஏற்றிச் செல்வதைக் காட்டி என்னை மறுப்போர் உளர். நிகழ்ச்சியை ஏற்கிறேன், அதிலிருந்து வருவிக்கப்படும் முடிவை ஏற்கவில்லை. அதே விடியலில் பல்லடத்துத் தறி குடோன்களில் வெளி மாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும் இரவு முறை முடித்துப் படுக்கப் போகிறார்கள். ஆள் அனுப்புவதும் ஆள் வருவிப்பதும் ஒருங்கே நிகழும் ஊரை ஒரு திசையில் மட்டும் பார்ப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று.

பிரெஞ்சு தேசத்திலும் காரியம் மாறிவிட்டதே என்று கேட்கலாம். 1969-இல் பாரிஸின் நடுவிலிருந்த பெருஞ்சந்தை தெற்கே ருஞ்ஜிஸ் என்னும் சுற்றூருக்குப் பெயர்க்கப்பட்டது; 1973-இல் இறைச்சி வியாபாரமும் அதனைப் பின்தொடர்ந்தது. இதனால் ருஞ்ஜிஸும் பல்லடமும் ஒன்றாகா. ருஞ்ஜிஸ் அரசாங்கம் வகுத்த திட்டத்தால், பாரிஸில் இருந்த சந்தையை ஏற்றுக்கொண்ட இடம். பல்லடத்துக்கு எந்த நகரமும் தன் சந்தையைப் பெயர்த்துக் கொடுக்கவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, என் சான்றின் வாசகத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவ்வறிவிப்பில் வளர்ப்புக் கூலி இல்லை. கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்க, குடியானவர் கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் போட்டு வளர்த்துத் தருவது இங்குள்ள முறை. பேட்ச் முடிந்து கோழி பிடித்தபின், எடைக்கும் தின்ற தீவனத்துக்கும் செத்த கோழிக்கும் கணக்குப் பார்த்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி தரப்படுகிறது. சந்தை ஏறினால் ஊக்கத்தொகை தருவோரும் உண்டு. எனினும் நாடெங்கும் செல்லும் அந்த எண், கோழியை வளர்த்தவரின் கைக்கு நேர்வழியில் வந்து சேர்வதில்லை. தறியிலோ விஷயம் இதற்கு நேர்மாறானது. காடா துணி நெய்யும் விசைத்தறியாளர், பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளரிடம் பெற்று, நெய்த துணிக்குக் கூலி வாங்குகிறார். அந்தக் கூலிதான் ஊரறியப் பேசப்படுகிறது. 2021 நவம்பரில் அரசு முன்னிலையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் ஏனைய ரகங்களுக்கு 20 சதவீதமும் உயர்வு என்று முடிவாகி, அது நடைமுறைக்கு வராமையால் 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் வேலைநிறுத்தத்தில் நின்றன. அந்தப் பேச்சுவார்த்தையில் துணி என்ன விலைக்குப் போயிற்று என்பது பொருளாகவில்லை.

பல்லடத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரே குடும்பத்துக்குச் சாளையின் ஒரு பக்கம் கோழிக் கொட்டகையும் மறுபக்கம் தறி குடோனும் இருக்கக் காண்பது அரிதன்று. கொட்டகையிலிருந்து போகும் சரக்கின் விலையை அவர்கள் காலையில் பேப்பரில் படிக்கிறார்கள், தங்களுக்கு வரும் கூலியைப் படிப்பதில்லை. குடோனிலிருந்து போகும் துணிக்குத் தங்கள் கூலி எவ்வளவு என்று பேப்பரில் படிக்கிறார்கள், துணியின் விலையைப் படிப்பதில்லை. புறநகர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வீட்டை எந்த நகரத்தின் கணக்கில் சேர்ப்பது என்பதை அச்சொல்லை ஆள்வோரே விளக்க வேண்டும்.