1870இல் தொடங்கிய நான்கு பீர் ஆலைகள்

நெதர்லாந்தின் தென்கோடி மாகாணமான லிம்பர்க்கில், மாஸ் ஆற்றங்கரைப் பகுதியில் இருக்கிறது நேர் என்ற சிற்றூர். 1870இல் வில்லெம் ஹேனன் அங்கே பீர் காய்ச்சத் தொடங்கினார். ஊரில் நின்ற லிண்டன் மரத்தை வைத்து ஆலைக்கு 'லிண்டபோம்' என்று பெயரிட்டார். இன்றும் அது அவர் வாரிசுகளின் கையில்தான் இருக்கிறது.

அதே ஆண்டில் பெல்ஜிய எல்லையோரப் பூடலில் கெரார்டஸ் ஆர்ட்ஸும், லிம்பர்க்கின் ஸ்கின்னனில் யோசப் மேன்ஸும் ஆலை தொடங்கினார்கள். ஆம்ஸ்டர்டாமில் பெருமுதலுடன் எழுந்த ஆம்ஸ்டலுக்கும் 1870தான் பிறந்த ஆண்டு. ஊர்க்காரர்கள் தொடங்கிய மூன்றும் குடும்பச் சொத்தாகவே நிலைத்தன. ஆம்ஸ்டலோ 1968இல் பெரிய பீர் நிறுவனமான ஹைனகனிடம் போய்ச் சேர்ந்தது.

அன்றைய கிராம ஆலை விவசாயத்தோடு ஒட்டிய தொழில். வயலில் விளைந்த பார்லியை முளைக்கவைத்து, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்குவார்கள். மிஞ்சிய சக்கை மாட்டுக்குப் போகும். கோடை வெப்பத்தில் பீர் எளிதில் கெட்டுவிடும் என்பதால் குளிர்காலமே வேலைக்காலம். லாகர் பீருக்கோ அந்தக் குளிரும் போதவில்லை. அதன் ஈஸ்ட் குளிரில்தான் ஒழுங்காக வேலை செய்யும். நொதித்த பிறகும் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடத்த வேண்டும். ஆம்ஸ்டல் குளிர்காலத்தில் கால்வாய்ப் பனிக்கட்டியை வெட்டி, இரட்டைச் சுவர் நிலவறைகளில் சேமித்தது. பிறகு குளிர்பதன இயந்திரங்கள் வந்தன. 1886இல் ஹைனகனின் வேதியியலாளர் எலியான் தூய ஈஸ்ட் வகை ஒன்றைப் பிரித்தெடுத்தார். இத்தனைக்கும் பணம் வேண்டும். கிராமத்து ஆலைகள் பல இங்கேயே நின்றுவிட்டன.

அடுத்து வந்தவை போர்கள். முதல் உலகப் போரில் நாடு நடுநிலை வகித்தபோதும் தானியத் தட்டுப்பாடு ஆலைகளை வாட்டியது. இரண்டாம் உலகப் போரின் 1944-45 குளிர்காலத்தில் நேர் ஊர் இருக்கும் மாஸ் கரையே போர்முனையாக இருந்தது. எதிர்க்கரையிலுள்ள ரூர்மோண்ட் நகரம் 1945 மார்ச் 1 அன்றுதான் விடுதலை பெற்றது.

போரைவிடக் கடினமான சோதனை அமைதிக் காலத்தில் வந்தது. பெரிய ஆலைகள் விளம்பரத்தோடு நிற்கவில்லை. கஃபே நடத்துபவருக்குக் கடன் கொடுத்தன, கட்டடத்தையே வாடகைக்கு விட்டன. பதிலுக்குத் தங்கள் பீரை மட்டுமே ஊற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. கஃபேயின் பீர்க்குழாய் கைமாறினால், சுவையான பீர் வைத்திருந்தும் சிறிய ஆலைக்கு அந்தக் கடையில் இடமில்லை. மாஸ்ட்ரிக்ட்டின் டி ரிடர் 1982இல் ஹைனகன் வசமாகி, 2002இல் மூடப்பட்டது. 1871 முதல் ஒரே குடும்பம் நடத்திய வைல்ர ஊரின் பிராண்ட் ஆலையும் 1989இல் அதே நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. குடும்பம் நடத்துவது மட்டும் ஓர் ஆலையைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு பிராண்டே சான்று. விற்க மறுக்கும் பிடிவாதம் தலைமுறைதோறும் தொடர வேண்டும்; வெளியார் புகழாத அந்தப் பிடிவாதமே லிண்டபோமின் பெரிய சாதனை.

இதற்கிடையே 1980இல் பீர் நுகர்வோர் சங்கமான 'பின்ட்' உருவானது. ஒரே ருசிப் பில்ஸ்னர் லாகரில் சலித்தவர்கள் பழைய வகைகளைத் தேடத் தொடங்கினார்கள். பூடல் ஆலை 'கபுசைன்' என்ற கறுத்த பீரைக் காய்ச்சியது. லிண்டபோம், ஜெர்மன் எல்லையோர வென்லோ நகரத்தின் பெயரில் 'வென்லோஸ் ஆல்ட்' கொண்டுவந்தது. அது லாகருக்கு முந்தைய முறையில், மேலெழும் ஈஸ்ட்டால் நொதிக்கும் வகை.