பேயின் மொழி: திகில் திரைப்படங்களில் அண்டை மொழியும் நடிகையின் குரலும்

1. முன்னுரை

திகில் திரைப்படங்களில் மக்கள் நினைவில் நிலைத்த காட்சிகள் பெரும்பாலும் ஒரு நடிகையைச் சார்ந்தே அமைந்துள்ளன. அவர்தம் ஒப்பனை, பார்வை, ஆடல் ஆகியன பற்றித் திறனாய்வாளர் பலர் எழுதியுள்ளனர். பேயாக மாறிய பெண் எம்மொழியில் பேசுகிறாள் என்னும் வினா அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்வினா முதன்மையானது. 1993இல் மலையாளத்தில் தோன்றிப் பின்னர்க் கன்னடம், தமிழ், இந்தி ஆகிய மொழிகளுக்குச் சென்ற ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதன் பேய் ஒவ்வொரு மொழியிலும் அண்டை மொழி பேசுவதன் காரணத்தையும், அம்மொழி மாற்றத்தின் வரலாற்றுப் பின்னணியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. முற்காலப் பேய்ப் பாத்திரங்கள்

இந்தியத் திரைப்படத்தில் பேயுருப் பெண்ணுக்கு முன்மாதிரி வகுத்த படங்களுள் கமால் அம்ரோஹியின் 'மகால்' (1949) குறிப்பிடத்தக்கது. அதில் மதுபாலா பேசிய மொழியும் கதைத்தலைவன் பேசிய மொழியும் ஒன்றே. வேறுபாட்டைக் காட்டியவை இருளும் ஊஞ்சலும் தொலைவிலிருந்து வரும் பாட்டுமே ஆகும். 1964இல் வந்த இந்திப் படமான 'வோ கௌன் தீ'யில் சாதனா ஏற்ற பாத்திரத்திற்கும் இது பொருந்தும். அக்கதை 1966இல் தமிழில் 'யார் நீ' எனவும் தெலுங்கில் 'ஆமெ எவரு' எனவும் வெளிவந்தபோது இரண்டிலும் ஜெயலலிதாவே நடித்தார். மொழி மாறியது, ஆனால் ஒரு படத்திற்குள் பேயின் மொழி கதைமாந்தரின் மொழியினின்று பிரியவில்லை. வெண்ணிற ஆடையும் பாட்டுமே அடையாளங்களாக நின்றன.

இங்குக் குரல் பற்றிய செய்தி ஒன்றும் கருதத்தக்கது. 'மகால்' படத்தின் பேய்ப்பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆயினும் முதலில் வெளியான இசைத்தட்டில் பாடியவர் பெயராகக் 'காமினி' என்னும் கதைப்பாத்திரத்தின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. பேயின் குரலுக்கு உரியவர் பெயர் மறைந்து நிற்பது இத்துறையில் தொடக்கந்தொட்டே காணப்படும் நிலை எனலாம்.

3. நாகவல்லியின் தமிழ்

மது முட்டம் எழுத, பாசில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழ்' (1993) இப்போக்கினின்று வேறுபட்டது. கங்கை என்னும் இல்லத்தரசி, தஞ்சையிலிருந்து கொணரப்பட்டுக் கொலையுண்ட நாகவல்லி என்னும் ஆடல்மகளாகத் தன்னை உணர்கிறாள். கங்கையின் மொழி மலையாளம். நாகவல்லியின் மொழி தமிழ். இப்பாத்திரத்திற்காக ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார்.

இப்படத்தில் யாவரும் நினைவுகூரும் காட்சி நள்ளிரவு ஆடற்காட்சியன்று. பட்டப்பகலில் நிகழும் ஓர் உரையாடலே. நகை வாங்க வெளியே புறப்படும் கங்கையைக் கணவன் தடுக்கிறான். அவள் முதலில் வியக்கிறாள், பின்னர்ச் சினக்கிறாள். மலையாளமாக ஓடிய பேச்சு 'விடமாட்டே' என்னும் வினாவில் தமிழாகிறது. அதன்பின் கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். கட்டிலைத் தூக்கியது உடல்வலிமையின் மாற்றம். அதற்கு முன்பே வினைமுற்றில் ஆள்மாற்றம் நிகழ்ந்துவிட்டது. பார்வையாளர் முதலில் அஞ்சுவது அச்சொல்லைக் கேட்டே ஆகும்.

அச்சொல்லின் அமைப்பு ஆராயத்தக்கது. 'விடு' என்னும் வேர் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொது. பொது மலையாளத்தில் எதிர்மறை 'விடில்ல' என அமையும். தமிழில் 'மாட்டு' என்னும் துணைவினை சேர்ந்து 'விடமாட்டே' என அமைகிறது. எனவே வேர் மாறவில்லை. எதிர்மறை உறுப்பு மட்டுமே மாறுகிறது. கேட்பவர்க்குப் பொருள் விளங்குகிறது; ஆனால் பேசுபவள் வேறு யாரோ என்பதும் விளங்குகிறது. முற்றிலும் அறியாத மொழியாயின் இவ்விளைவு தோன்றாது, வெற்றொலியாகவே நின்றிருக்கும். பாதி புரிவதே இங்கு அச்சத்தின் வாயிலாகிறது.

4. மாறிய மொழிகளும் மாறாத உறவும்

இக்கதையைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) எனவும், தமிழில் 'சந்திரமுகி' (2005) எனவும் பி. வாசு இயக்கினார். கன்னடப் படத்தில் சௌந்தர்யாவும் தமிழ்ப் படத்தில் ஜோதிகாவும் அப்பாத்திரத்தை ஏற்றனர். இரண்டிலும் ஆடல்மகள் பேசுவதும் பாடுவதும் தெலுங்கே. பிரியதர்சன் இயக்கிய 'பூல் புலையா' (2007) என்னும் இந்திப் படத்தில் வித்யா பாலன் ஏற்ற மஞ்சுலிகாவின் மொழி வங்காளம்.

மொழிபெயர்ப்பாளன் இவ்விடத்து மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்தல் கூடும். பேயின் பேச்சையும் படத்தின் மொழியிலேயே தருவது ஒன்று. அவ்வாறு செய்யின் ஆள்மாற்றம் புலப்படாது. மூலத்தில் உள்ள மொழியையே வைத்துக்கொள்வது மற்றொன்று. தமிழ்ப் படத்தில் பேய் தமிழே பேசின் அங்கு அயன்மை இல்லை. மூன்றாவது, மூலத்தில் இரு மொழிகளுக்கு இடையே இருந்த உறவைப் பெறுமொழியில் ஒத்த இரு மொழிகளைக் கொண்டு அமைப்பது. மறு ஆக்கம் செய்தோர் இம்மூன்றாம் வழியையே மேற்கொண்டனர். சொல்லுக்குச் சொல் என்னும் நிகரன் இங்கு இல்லை. தொலைவுக்குத் தொலைவு என்னும் நிகரனே உள்ளது. 'சந்திரமுகி' தெலுங்கில் மொழிமாற்றம் பெற்றபோது, தமிழ்ப் படத்தில் 'ரா ரா' என்று இருந்த தெலுங்குப் பாட்டிற்கு ஈடாக 'வாராய்' என்னும் தமிழ்ச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட பாட்டு இடம்பெற்றது இக்கருத்தை உறுதிப்படுத்துகிறது.

இச்சொற்கள் இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை. தமிழிலும் மலையாளத்திலும் 'வா, வரு' எனவும், கன்னடத்தில் 'பா, பரு' எனவும் வழங்கும் வினையடி, தெலுங்கில் உயிரும் மெய்யும் இடம் மாறியதால் 'வ்ரா' என்றாகிப் பின் 'ரா' என நின்றது என்பது திராவிட ஒப்பிலக்கணத்தார் துணிபு. ஆகவே தமிழ்ப் பார்வையாளரை அச்சுறுத்திய அழைப்பு, அவர்கள் நாள்தோறும் வீட்டில் வழங்கும் 'வா' என்பதன் உடன்பிறப்பே ஆகும்.

5. ஆடல்மகள் வந்த வழி

பேய்க்கு அண்டை மொழி பொருந்தியது திரைப்படத்தாரின் கற்பனையால் மட்டும் அன்று. கலைஞர் ஓர் அரசவையிலிருந்து மற்றோர் அரசவைக்குச் சென்ற வரலாறு இதற்கு அடிப்படையாக உள்ளது. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு, திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் (1829-1846) அவையில் விளங்கியவர். தஞ்சை ஆடற்கலையும் தமிழும் மலையாள நாட்டு அரண்மனைக்கு அயலானவை அல்ல. அவ்வாறே தமிழகத்தில் தெலுங்கு ஆடற்கலையின் மொழியாக நெடுங்காலம் வழங்கிற்று. தஞ்சை நாயக்கர் காலத்தில் (1532-1673) தெலுங்கு இலக்கியமும் யட்சகானமும் அரசவையில் செழித்தன. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்கள் தமிழகத்து ஆடல்மகளிரின் அபிநயத்தில் நிலையான இடம் பெற்றன. அப்பதங்களில் தலைவி தலைவனை அழைப்பதும் ஊடுவதும் தெலுங்கிலேயே நிகழ்ந்தன.

இதனால் மலையாளப் படத்தின் தமிழும் தமிழ்ப் படத்தின் தெலுங்கும் வரலாற்றில் ஒத்த இடத்தைப் பெறுகின்றன. இரண்டும் அரசவைக்கு ஆடல்மகளிர் கொணர்ந்த மொழிகள். மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் இப்பன்மொழி நிலை பொதுநினைவினின்று விலகிற்று. பூட்டிய அறையைத் திறந்தவுடன் அண்டை மொழி வெளிப்படுவதாகக் கதை அமைவது, மறக்கப்பட்ட அந்நிலையின் மீட்சி என்று கொள்ளத்தகும்.

6. எல்லை நிலத்தார் செவியில்

அண்டை மொழி அயன்மொழியாக ஒலிப்பது எல்லா நிலத்துக்கும் பொதுவன்று. சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையம், சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. 1911இல் அமைந்த இம்மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்து, 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படித் திருத்தணிப் பகுதி 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கோடு மாறினும் தெலுங்கும் தமிழும் கன்னடமும் அடுத்தடுத்து வழங்கும் நிலமாகவே இஃது உள்ளது.

இருமொழியாளர் ஒருவர் 'ரா ரா' என்பதைக் கேட்குமிடத்து அயன்மை பெரிதும் குறையும். அயன்மை குறையவே எஞ்சுவது சொல்லின் பொருள். காதலனை இழந்து, விரும்பாத அரண்மனையில் அடைபட்டுக் கொலையுண்ட ஒருத்தி 'வா' என அழைக்கிறாள். ஒருமொழியாளர்க்கு அச்சுறுத்தும் குரல், இருமொழியாளர்க்குப் பதத்தின் தலைவி குரலாகவே கேட்கும். அச்சம் அவலமாக மாறும் இடம் இதுவே. இந்நெடுஞ்சாலை மேற்கே கருநாடக எல்லையைக் கடந்து அடையும் முல்பாகல் வட்டத்தில் பிறந்தவர் சௌந்தர்யா. தெலுங்குத் திரையில் மிகுதியாக நடித்த அவர், கன்னடப் படத்தில் தெலுங்கு பேசும் ஆடல்மகளாக நடித்தார். 2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூருக்கு அருகில் நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார். 'ஆப்தமித்ரா' அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியாயிற்று. இறந்தவளின் குரலாக அவர் நடித்ததை மக்கள் அவர் இறந்தபின்னரே கண்டனர்.

7. குரலுக்கு உரியவர்

ஓருடலில் இருவர் பேசுவதைத் திரையில் காட்ட இரு குரல்கள் தேவைப்படுவதுண்டு. 'எக்சார்சிஸ்ட்' (1973) என்னும் அமெரிக்கப் படத்தில் சிறுமியாகத் தோன்றியவர் லிண்டா பிளேர். அவளைப் பற்றிய தீய ஆவியின் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்னும் நடிகையுடையது. தொடக்கத்தில் அவர் பெயர் படத்தில் இடம்பெறவில்லை. அவர் முறையிட்ட பின்னரே சேர்க்கப்பட்டது. 'மணிச்சித்ரத்தாழில்' கங்கைக்கு மலையாளக் குரல் தந்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் தமிழும் அவர் குரலே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் குரற்கலைஞருடையது என்பதை இயக்குநர் பாசில் 2016இல் வெளிப்படுத்தினார். படம் வெளியாகி இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்தபின்னரே அக்குரலுக்கு உரியவர் பெயர் பலரும் அறியலாயிற்று.

மொழி மாறும் இடத்தில் குரலும் மாறியமையால், அக்காட்சியின் வெற்றி ஷோபனாவின் முகத்திற்கும் இரு குரற்கலைஞர்க்கும் பொதுவானது. ஆடல்மகளிரின் பெயர் அரண்மனை வரலாற்றில் மறைந்ததும், அவ்வாடல்மகளுக்குக் குரல் தந்தவர் பெயர் திரை வரலாற்றில் மறைந்ததும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படும். முற்காலப் பேய்ப்படங்களில் ஆடையும் பாட்டும் செய்த வேலையை இக்கதையில் மொழி செய்கிறது. அம்மொழி பாதி புரியும் அண்டை மொழியாக இருத்தல் வேண்டும். அதனை மறு ஆக்கம் செய்தோர் மொழியை மாற்றி உறவைக் காத்தனர். அவ்வுறவு அரசவை ஆடற்கலையின் பன்மொழி வரலாற்றில் வேரூன்றியது. எழுத்துத்துணை அமைப்போரும் மொழிமாற்றம் செய்வோரும் இத்தகைய காட்சிகளில் எல்லா உரையாடலையும் ஒரே மொழிநடையில் தருவராயின், காட்சியின் உயிர்நிலையே கெடும். மாறுவது எந்தச் சொல்லில் என்பதை முதலில் கண்டறிதல் அவர்தம் கடன். அச்சொல்லை ஒலித்தவர் யார் என்பதைப் பதிவு செய்தல் திரை வரலாறு எழுதுவோர் கடனாகும்.