பால்மரம் இலையுதிர்க்கும் பருவம்

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அவ்வரிசையில் இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. மேலைநாட்டுப் பருவம் ஒன்றைச் சுட்ட நாம் வழங்கும் சொல் அது. சிலர் கூதிரை அதற்கு நேராகக் கொள்வர். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிரோ வாடையும் தூறலும் மிக்க குளிர்பொழுது. மரங்கள் சருகு உதிர்க்கும் பொழுது அன்று. இரண்டையும் ஒன்றாக்கிக் கற்பித்தல் பொருந்தாது.

சிங்கப்பூர் மாணாக்கர்க்கு இச்சொல் படத்தில் கண்ட பொருளாகவே நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் செப்டம்பர், அக்டோபர் திங்கள்களில் மக்கள் வண்டியேறி, நிறம் மாறிய காடுகளைக் காணச் செல்கின்றனர். ஜப்பானியர் அதற்கென்றே 'மோமிஜிகாரி' என்னும் சொல்லை வைத்துள்ளனர். 'செவ்விலை வேட்டை' என்பது அதன் பொருள். நம்மிடம் அவ்வாறு காணத்தக்கது ஏதும் இல்லையா? உண்டு. அது வருவது அக்டோபரில் அன்று. பிப்ரவரியிலும் மார்ச்சிலும், அதாவது மாசி, பங்குனியில். சாலைவழியே ஒருநாட் பயணமாகச் சென்று அதனைக் காணலாம். அப்பயணத்தைத் திட்டமிடும் ஆசிரியர்க்கு வேண்டிய சில வரலாற்றுச் செய்திகளை ஈண்டுத் தருகிறேன்.

நம் நகரிலேயே இலை உதிர்க்கும் மரங்கள் உள. நாட்டு வாதுமை ஆண்டுக்கு இருமுறை இலைகளைச் சிவக்கவைத்து உதிர்க்கும். இதனை 1940இல் வெளிவந்த மலாயாவின் வழியோர மரங்கள் பற்றிய தம் பெருநூலில் கார்னர் விளக்கியுள்ளார். அவர் இங்குள்ள தாவரவியல் பூங்காவில் துணை இயக்குநராகப் பணியாற்றியவர். 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் வட்டச் சந்திப்பில் ஒரு மரக்கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அம்மரமும் இலையுதிர்த்து இளஞ்சிவப்புப் பூக்களைச் சூடும் மெம்பாட் மரமே. ஆயினும் இவையெல்லாம் ஆங்கொன்றும் ஈங்கொன்றுமாக நிற்பவை. காடு முழுதும் ஒருசேர நிறம் மாறும் காட்சியைக் காண வேண்டுமாயின் ரப்பர்த் தோட்டத்திற்குத்தான் செல்ல வேண்டும்.

தோட்டத் தமிழர் ரப்பரைப் பால்மரம் என்றே அழைத்தனர். மலேசியத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு தாம் எழுதிய நாவலுக்கு அகிலனும் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். குளிர்நாட்டு மரங்கள் பனிக்கு அஞ்சி இலை உதிர்க்கின்றன. பால்மரம் வறட்சிக்காக உதிர்க்கிறது. டிசம்பர், ஜனவரி மழை ஓய்ந்து வெயில் ஏறியதும், மூன்று சிற்றிலைகள் கொண்ட அதன் கூட்டிலையில் பசுமை நீங்கும். மஞ்சளும் செம்மையும் தோன்றும். சில நாள்களில் கிளைகள் வெறுமையாகும். எப்போதும் நிழல் கவிந்திருக்கும் தோட்டத்தில் வெயில் நேரே தரையில் விழும். நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். பின்னர்ச் செம்பு நிறத் தளிர் விட்டு மரம் மீண்டும் பசுமை பெறும். தொல்காப்பிய மரபியல் இலை, முறி, தளிர், குழை எனத் தனித்தனியே எண்ணிச் சொல்லும் பெயர்களை மாணாக்கர்க்கு விளக்க இதனினும் ஏற்ற இடம் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

இம்மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. அமேசான் காட்டிலிருந்து 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்தவை சிறு பகுதியே. மறு ஆண்டில், 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். காப்பி பயிரிட்டோரிடம் விதைகளைக் கொடுத்து நடுமாறு அவர் வற்புறுத்தியதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்னும் பட்டமும் பெற்றார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் பெருமளவில் பயிரிட்டார். மோட்டார் வண்டி பெருகியதும் ரப்பரின் விலை உயர்ந்தது. மலாயாவின் காடுகள் பால்மர நிரைகளாயின. சிங்கப்பூரும் விலக்கன்று. யீஷூன் என்னும் இன்றைய குடியிருப்பின் பெயர் ரப்பர், அன்னாசித் தொழில்களில் செல்வம் ஈட்டிய லிம் நீ சூனின் பெயரிலிருந்து வந்ததே.

மரம் வந்தது, வெட்ட ஆள் வேண்டும். கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்று உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தனர். 1930களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு இத்தகைய கூலி ஆள் அனுப்புதலைத் தடை செய்தது.

கண்ணுக்கு இனிய அப்பருவத்தை இம்மக்கள் எவ்வாறு கண்டனர் என்பதே நாம் மாணாக்கர்க்குச் சொல்ல வேண்டியது. இலை உதிர்ந்து தளிர் விரியும் வாரங்களில் மரத்தில் பால் குறையும். மரத்தின் ஊட்டமெல்லாம் புது இலைக்குச் செல்வதால் வெட்டு வாயில் ஒழுகும் பால் சுருங்கும். பல தோட்டங்களில் வெட்டையே நிறுத்தி மரத்திற்கு ஓய்வு தருவர். மரத்திற்கு ஓய்வு, வெட்டுபவர்க்கு? பாலின் எடைக்கேற்பக் கூலி கணக்கிட்ட இடங்களில் அன்றாட வருவாய் சரிந்தது. வெட்டு நின்ற இடங்களில் களை பிடுங்கும் வெளிக்காட்டு வேலைக்குச் செல்ல நேர்ந்தது. விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தவர், தலைக்கு மேல் பொன்னிறம் பரவுவதைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என நான் கருதவில்லை. தளிர் விடும்போது மழை பெய்தால் சாம்பல் நோய் கண்டு இளந்தளிரும் உதிரும்; குறைந்த பால் குறைந்தவாறே மேலும் சில வாரம் நீளும்.

இனிப் பயணத்தைக் கூறுவேன். தேக்காவிலிருந்து புறப்படுவது நன்று. தேக்கா என்னும் பெயரே மூங்கிற்புதரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பதை வண்டி நகருமுன் சொல்லிவிடலாம். புக்கித் தீமா சாலை, 1825 முதல் 1873 வரை இங்குச் சிறை வைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகளின் உழைப்பால் அமைந்தது. 1845இல் அது கிராஞ்சியை எட்டியது. கிராஞ்சி என்பதும் ஒரு மரத்தின் பெயரே. வழியில் பூமலை என்று நம் மக்கள் வழங்கும் தாவரவியல் பூங்காவில் ஒரு மணி நேரம் தங்கி ரிட்லியின் கதையைச் சொல்லலாம். பின்னர் உட்லண்ட்ஸ் வழியாக, 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைக் கடக்க வேண்டும். அப்பால் விரைவுச் சாலையைத் தவிர்த்து, கூலாய் வழியே ஆயர் ஈத்தாம் செல்லும் பழைய நெடுஞ்சாலையைக் கொள்க. ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது, செம்பனை இலையுதிர்ப்பதில்லை. ஆதலால் ரப்பர் எஞ்சியுள்ள தோட்டம் எது என்பதை முன்னதாகக் கேட்டறிந்து, நிருவாகத்தாரிடம் இசைவும் பெறுதல் வேண்டும்.

நாளை முன்கூட்டியே உறுதி செய்வது அரிது. மழை நின்ற நாளைப் பொறுத்துப் பருவம் சில வாரம் முந்தும் அல்லது பிந்தும். மார்ச் பள்ளி விடுமுறை பல ஆண்டுகளில் பொருந்தி வரும். கடவுச்சீட்டு இல்லாத மாணாக்கரைக் கீழ்ப் பியர்ஸ் நீர்த்தேக்கக் கரைக்கு அழைத்துச் செல்லலாம். பழைய தோட்டத்தின் எச்சமாகிய பால்மரங்கள் அங்குக் காட்டோடு கலந்து நிற்கின்றன.

படம் எடுப்பதோடு மாணாக்கர் நின்றுவிடலாகாது. ஜொகூர்ச் சிற்றூர்களில் பால் வெட்டிய முதியோர் இன்னும் உளர். அவர்களை அணுகுமுன் வினாக்களை எழுதி எடுத்துச் செல்லச் செய்க. இலையுதிர்ந்த மாதத்தில் ஒரு மங்கில் எவ்வளவு பால் விழுந்தது? அம்மாதம் வீட்டில் யார் யார் வெளிக்காட்டுக்குச் சென்றனர்? தோட்டக் கடையில் கணக்கு எவ்வளவு ஏறியது, அதனைத் தீர்க்க எத்தனை மாதம் ஆயிற்று? அப்பருவத்தை அவர்கள் தம்முள் என்ன பெயரிட்டு அழைத்தனர்?