18 வயசும் 18 சதவீதமும்

கொல்லிமலையில் பாக்சைட் வெட்டத் தொடங்கிய காலத்தில், மலையாளிப் பழங்குடிகளின் கிராமசபைக்குக் காட்டின்மீது சட்ட அதிகாரம் கிடையாது. 1989இல் ஓட்டு வயது 21லிருந்து 18 ஆனது. ஆனால் காட்டைப் பற்றிப் பேச இளைஞருக்கு இடம் வந்ததா?

2004 பல்லுயிர் விதிகள் ஊராட்சிக்கு ஒரு குழு வைத்தன. அப்போ தலைவர், கூட ஆறு பேர்வரை இருந்தாங்க. பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, தலித்-பழங்குடிகளுக்குக் குறைந்தது 18 சதவீதம். இளைஞருக்கு ஒண்ணும் வைக்கல. அந்த ஆறு பேரும் நியமனமாத்தான் வந்தாங்க. பழங்குடிகளே பெரும்பான்மையாக வாழுற மலைக்கும் அதே 18தானா வைத்தார்கள்?

2006 வன உரிமைச் சட்டம் வேறு வழி திறந்தது. வயது வந்த எல்லோரும் கிராமசபை. 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவை அந்தச் சபையே தேர்ந்தெடுக்கணும். 18 வயசுப் பிள்ளை கை தூக்கலாம், உறுப்பினராகவும் உட்காரலாம்.

யோசனை சொல்ல நாற்காலி மட்டும் போதாது, முடிவெடுக்கிற ஓட்டும் வேணும். கொல்லிமலையின் 14 ஊராட்சிகளிலும் நம் பிள்ளைகள் கேட்க வேண்டியது அதைத்தான்.