கல்வட்டம் (தருமபுரி மாவட்டம்)

கல்வட்டம் என்பது இறந்தோரின் எலும்புகளும் படையல் கலங்களும் வைத்த கல்லறையின் மேல் கற்குவை எழுப்பி, அதைச் சுற்றிப் பாறாங்கற்களை வட்டமாக நட்ட இரும்புக்கால ஈமச்சின்னம். தருமபுரியிலும் 2004இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியிலும் இவ்வகைப் பெருங்கற்படைச் சின்னங்கள் பரவலாக உள்ளன. அவற்றுள் கிருஷ்ணகிரியின் மல்லச்சந்திரம் மலையில் உள்ள கல்திட்டைகள் (நிலத்தின் மேல் பலகைக்கற்களால் எழுப்பிய அறைகள்) பெயர்பெற்றவை. தருமபுரியின் பெரும்பாலையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் அகழாய்வு செய்தது. வட்டத்தினடியில் நான்கு பலகைக்கற்கள் ஒன்றையொன்று தாங்கி அறையாக நிற்கும். ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்கில், வட்டமான இடுதுளை இருக்கும். மூடிய அறைக்குத் துளை எதற்கு? சடங்குக் குறியீடு மட்டுமே என்பர் சிலர். ஆனால் தென்னிந்தியாவில் ஒரே அறைக்குள் பலரின் எலும்புகள் கிடைத்திருப்பதால், குடும்பமோ குழுவோ தலைமுறைதோறும் திறந்து பயன்படுத்திய பொதுக் கல்லறை என்ற விளக்கமே வலுவானது.

இக்கல்லறைகளில் கிடைக்கும் கருப்பு-சிவப்புக் கலங்களையும் இரும்புக் கருவிகளையும் அருங்காட்சியகத்தில் சேர்த்தால் போதும், நிலம் உழவருக்குத் தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் எது எதனருகில் கிடந்தது என்பதே சான்று. இயந்திரம் மண்ணைப் புரட்டியபின் கலம் மிஞ்சும், செய்தி மிஞ்சாது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 2010 திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் கட்டுமானத்தைத் தடைசெய்கின்றன. 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் உண்டு. அறிவிக்கப்படாத வட்டங்களுக்கு இந்தக் காவல் கிட்டாது. ஆகவே தனிக்கற்களை அல்ல, ஈமக்காடு முழுவதையும் அளந்து, புல எண்ணோடு வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றி, பட்டா நிலம் அடங்கினால் இழப்பீடு தந்து காப்பதே பொருத்தமான முறை.