கமான் பட்டையின் இடமாற்றம்

எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டும் கமான் கட்டு மோட்டார் வண்டியைவிடப் பழையது. லண்டனில் கோச்சு வண்டி கட்டிய ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்டக் கமானுக்குக் காப்புரிமை பெற்றார். அதனால், அதுவரை முன்னச்சையும் பின்னச்சையும் இணைத்த கனத்த மர உத்தரம் இல்லாமலே வண்டி கட்ட முடிந்தது, எடை குறைந்தது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி முன்னும் பின்னும் குறுக்குவாட்டில் ஒவ்வொரு கட்டோடு ஓடியது. லாரிகளில் நீளவாக்கில் கட்டும் முறையே நிலைத்தது.

கரடுமுரடான தடத்தில் டிரெய்லர் இழுக்கும் பழக்கத்துக்கு ராணுவ ஜீப் வழிவகுத்தது. 1940இல் ஜீப்பின் முதல் மாதிரியைச் செய்தது அமெரிக்கன் பான்டம் நிறுவனம். பெரிய ஒப்பந்தங்களோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. பான்டம் கால் டன் டிரெய்லர் செய்யத் திரும்பியது. ஜீப்பின் சக்கரமே அதற்கும். தொட்டி நீரில் மிதக்கும். போருக்குப்பின் ராணுவம் கழித்த, கமான் கட்டில் ஓடிய இத்தகைய டிரெய்லர்கள் பொதுமக்கள் கைக்கு வந்தன. தாமாகவே மாற்றிக்கட்டும் வேலைக்கு அவை தோதாக இருந்தன.

மாற்றத்தின் தேவை கமானின் இயல்பிலேயே உள்ளது. பட்டையின் தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. நீளம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. முழுச் சுமைக்கென அமைத்த கட்டு, கூடாரமும் தண்ணீரும் மட்டும் ஏற்றிய டிரெய்லரை மேட்டில் துள்ள வைக்கும். ஆகவே சிலர் இடைப்பட்டை ஒன்றிரண்டை உருவினார்கள். நீளமான கமானும் ஷாக் அப்சார்பரும் பூட்டியதே மேலான வழி. மலிவான டிரெய்லர்களில் கமானின் ஒரு முனை தாங்கிக்குள் வெறுமனே வழுக்கும். பள்ளத்தில் அது கழன்றுகொள்ளக்கூடும் என்பதால் இரு முனையிலும் வளையம் வைத்து, ஒன்றை ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கவிட்டார்கள்.

பெரிய மாற்றம் கட்டின் இடத்தில்தான். தளம் தாழ்ந்திருக்க வேண்டும் என்று சாதாரண டிரெய்லர்கள் பலவற்றில் கமானை அச்சுக்கு அடியில் கட்டுவார்கள். அதை அச்சின் மேலே ஏற்றினால், அச்சின் விட்டமும் கட்டின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு வண்டி உயரும்; பெரிய டயர் நுழையும். ஜீப்பில் இதே வேலை செய்தால் எஞ்சினின் முறுக்கத்தில் கமான் நெளியும். டிரெய்லர் அச்சை எஞ்சின் சுழற்றுவதில்லை. பிரேக் இருந்தால் மட்டுமே முறுக்கம் வரும். ஆனால் லேசான வளைவு கொடுத்துச் செய்த அச்சை அப்படியே தலைகீழாகத் திருப்பக்கூடாது, சக்கரச் சாய்வு எதிர்ப்புறம் போய்விடும். கட்டு உட்காரும் தகட்டை அச்சின் மேற்புறம் புதிதாக வெல்டு வைத்து, புது யூ போல்ட் போட வேண்டும். உயரம் கூடக் கூடச் சரிவில் கவிழும் ஆபத்தும் கூடும்.

ஆஸ்திரேலியாவின் மண்சாலைகளுக்கான விலையுயர்ந்த டிரெய்லர்கள் பின்னாளில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி இணைப்புக் கையில் சுருள் வில் பூட்டும் அமைப்புக்கு மாறின. சுருள் வில் சுமையைத் தாங்கும், அச்சை இடத்தில் நிறுத்தாது. அதற்குத் தனிக் கை வேண்டும். கமான் இரண்டையும் தானே செய்துவிடுவதால், குறைந்த விலை டிரெய்லர்களில் இன்னும் அதுவே தொடர்கிறது.